கிருமிக்குச் சமைத்தவர்

கிருமிகளுக்குச் சமைத்துப் போடுவதுதான் அவருக்கு வேலை. யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால், "ஆய்வுக்கூடத்துல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அவர் மனைவி அப்படி விடமாட்டாள். "எங்க வீட்டுக்காரர் பெரிய சமையல்காரர். ஆனா சாப்பிடுறவங்க யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டாங்க" என்பாள். வீட்டில் அவருக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது என்பதையும் கையோடு சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

ஆய்வுக்கூடத்தின் பின்பக்கத்தில், மழைத்தண்ணீர் ஒழுகும் குழாயை ஒட்டி இருந்தது அவர் அறை. மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்து அடுப்பை மூட்டுவார். கடல்பாசித் தூளையும் இறைச்சிச் சாற்றுப் பொடியையும் நிறுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டி, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துவிடும். பிறகு குடுவைகளில் ஊற்றி, வாயில் பஞ்சு அடைத்து, நீராவிக் கொப்பரையில் ஏற்றுவார். இறக்கியதும் குடுவையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். கன்னம் பொறுக்கிற சூடு வந்தால் தட்டுகளில் ஊற்றலாம். உள்ளங்கை அகலத் தட்டில் அது ஆறி, வெளுத்த தேன் நிறத்தில் உறையும். அந்தக் கூழின் மேல்தான் கிருமிகளை வளர்ப்பார்கள். வளர்த்துப் பார்த்து வேலை முடிந்த தட்டுகள் அவரிடமே திரும்பி வரும். அவற்றை இன்னொரு கொப்பரையில் அடுக்கி, ஆவியில் வேகவைத்துக் கொன்றுவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்புவார். ஆக்குவதும் அவர்தான், அழிப்பதும் அவர்தான். கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'சமையல் அண்ணன்'.

கிருமிகளுக்கு வாசனை உண்டு என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒன்று புளித்த மாவு மாதிரி நாறும். ஒன்று ஈரமண் மாதிரி இருக்கும். இன்னொன்று கனிந்து அழுகப்போகும் திராட்சை மாதிரி தித்திப்பாக மணக்கும். அது வளர்கிற தட்டு பாசிப்பச்சையாக நிறம் மாறும். வருஷக்கணக்கில் அந்த வாசனைகளுக்குள்ளேயே புழங்கியதால் அவர் மூக்குக்கு அவை ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

அவர் மனைவி சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுக்கிற இடம். ஒரு நாள் கொதிக்கும் கஞ்சி அண்டா சரிந்து அவள் தொடையிலிருந்து கணுக்கால் வரை கொட்டிவிட்டது. தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. "ஆறிடும், தழும்பு மட்டும் நிக்கும்" என்றார் டாக்டர். "இந்த வயசுல என் காலை யாரு பார்க்கப் போறாங்க?" என்று அவளும் சிரித்தாள்.

பிறகு ஒரு காலை, செவிலி கட்டைப் பிரித்தபோது அவர் கால்மாட்டில் நின்றிருந்தார். புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வாசனைதான் வந்தது. கனிந்த திராட்சை வாசனை. தன் அறையிலிருந்து அது எப்படி இங்கே வந்தது என்று ஒரு கணம் குழம்பிப்போய்த் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் பஞ்சில் ஒட்டியிருந்த பச்சையைக் கண்டார். டாக்டர்கள் சோதித்து, முடிவு வந்து, வாயைத் திறந்து சொல்வதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மனைவி அவர் முகத்தைப் பார்த்து, "என்ன, மூஞ்சி செத்துப்போச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

மருந்தை மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். "எதுக்கும் அடங்கமாட்டேங்குதுங்க" என்றார் டாக்டர், ஏதோ அடங்காத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

மனைவியின் அக்கா அப்போதுதான் தங்கையைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்திருந்தாள். இவர்களுடைய மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்கம்பக்கத்தில் எல்லோருக்குமே அவள் பெரியம்மா ஆகிவிட்டாள். வாய் நீளம், கைக்கும் ஓய்வில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டாள். வீட்டின் பின்னால் நின்ற கொய்யா மரத்தில் கொழுந்து பறித்து, அம்மியில் மைபோல அரைத்து, துணியில் பிழிந்து, மூடி போட்ட டம்ளரில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள்.

"புண்ணு மேல ரெண்டு சொட்டு விட்டுப் பார்ப்போம் தம்பி. மருந்துதான் கேக்கலைன்னு அவங்களே சொல்லிட்டாங்களே. இன்னும் என்ன?"

"அக்கா, அதெல்லாம் இங்க கூடாது."

படுக்கையிலிருந்து மனைவி சொன்னாள்: "எரியுதுங்க. தீயில வெச்ச மாதிரி எரியுது. குளிர்ச்சியா இருக்கும், போடட்டுமே."

அவர் அந்த டம்ளரை வாங்கினார். வாங்கிக்கொண்டு போய், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைகழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டார். "இது ஆஸ்பத்திரி. கண்டதையும் கொண்டுவந்து ஊத்துறதுக்குச் சாக்கடை இல்ல" என்றார். அந்த வார வியாழக்கிழமை அவள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த பிறகு பெரியம்மா ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே அவளுக்காகக் காத்திருக்கவும் யாரும் இல்லை. மகள் மருந்துக்கடையில் கல்லாவில் நிற்கிறவள். வீடு திரும்ப இருட்டிவிடும். சமையற்கட்டு தானாகப் பெரியம்மாவின் கைக்குப் போனது. ஆனால் அவரோடு பேச்சு நின்றுபோனது. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பெரியம்மா மகளிடம், "உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது" என்பாள். அவரும், "உங்க பெரியம்மாகிட்ட சொல்லு, போதும்னு" என்பார். நடுவில் மகள், "நான் என்ன தபால்காரியா?" என்று எரிந்து விழுவாள். ஆனாலும் மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். செத்துப்போனவளின் தட்டை யாரும் அலமாரியிலிருந்து எடுத்து ஒதுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. கூடத்தில் ஆராய்ச்சி செய்துவந்த மேடம் அந்தப் பருவத்தில்தான் இலை தழைகளைச் சாக்குச் சாக்காக வரவழைத்தார். மருந்துக்கு மசியாத கிருமிகளைச் செடிகளில் இருக்கிற எதுவாவது மடக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. மாதுளைத் தோல், பூண்டு, பெயர் தெரியாத பட்டைகள். ஈரக்காற்றில் எதுவும் காயவில்லை. சமையல் அண்ணனின் அடுப்புச் சூட்டுக்கு மேலே கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டார்கள். அதில் கொய்யா இலையும் ஒரு கொத்து இருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி கீழே நின்று கிண்டிக்கொண்டிருந்தார்.

வளர்ப்பு அறையில் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டி உண்டு. தட்டுகளை அதற்குள் வைத்தால் கிருமிகள் மனித உடம்புக்குள் இருப்பதாகவே நினைத்து வளரும். ஒரு காலை புதுத் தட்டுகளோடு அங்கே போனவர், மேடம் பெட்டியைத் திறந்த நேரத்தில் அந்த வாசனையில் சிக்கிக்கொண்டார். நூறு தடவை முகர்ந்த வாசனைதான். ஆனால் இந்த முறை கால் நகரவில்லை.

மேடம் பெட்டியை மூடிவிட்டு அவரை வெளியே அழைத்துப் போனார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வாரமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். எந்த மருந்துக்கும் அடங்காததை ஆஸ்பத்திரியில இருந்து நமக்கு அனுப்புவாங்க, தெரியும்ல. பேர் போட்டு வராது. ஆனா எந்த வார்டு, எப்போ எடுத்ததுன்னு பார்த்ததும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. இப்போ நான் வெச்சுப் பார்க்கிறதுல ஒண்ணு அண்ணியோட புண்ணுல இருந்து வந்தது."

அவர் தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நம்ம கூடத்துல இருந்து என் உடம்புல ஒட்டிக்கிட்டுப் போயிருக்குமோம்மா? நெஞ்சுல இதை வெச்சுக்கிட்டுத்தான் நான் தினம் இங்க வர்றேன்."

"இல்லண்ணே. அதை நானே பார்த்தேன். நம்மகிட்ட இருக்கிற எதோடயும் அது ஒத்துப்போகல. அது ஆஸ்பத்திரியிலேயே பழகி ஊறினது" என்றார் மேடம். "மறைச்சுவெச்சு உங்க கையாலேயே அதுக்குச் சாப்பாடு வாங்க எனக்கு மனசு வரல. வேண்டாம்னா சொல்லுங்க. இன்னைக்கே எடுத்துடறேன். ஆனா இவ்வளவு முரண்டு பிடிக்கிறது வேற எதுவும் என்கிட்ட இல்ல. இதை மடக்கிட்டா மத்ததையும் மடக்கலாம்."

"இருக்கட்டும்" என்றார் அவர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

அதன் பிறகு அவரால் இருப்புக் கொள்ள முடியவில்லை. அந்தத் தட்டில் வளர்வது அவளைத் தின்றதின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன். அவள் மண்ணுக்குள் போய்விட்டாள். அவள் உடம்பில் ஊறியது மட்டும் இங்கே உயிரோடு, அவள் உடம்புச் சூட்டிலேயே இருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். வெதுவெதுப்பாக இருக்கும். காய்ச்சல் இல்லாத நாளில் அவள் முதுகு இருந்ததுபோல இருக்கும். ஒரு நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டதுபோலத் தோன்றி, "என்ன?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பெட்டி லேசாக உறுமிக்கொண்டிருந்தது. வீட்டில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் திராட்சை வாசனை நின்றது. தலையணையிலும் நின்றது. மகளிடம் கேட்டால், "ஒரு வாசனையும் இல்லப்பா" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் கொய்யா இலையின் முறை வந்தது. மேடம் காய்ந்த இலையைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து, அதன் சாரத்தைப் பிரித்து எடுத்திருந்தார். தட்டு முழுக்கக் கிருமியைப் புல்தரை மாதிரிப் பரப்பி, நடுவில் மருந்தில் நனைத்த காகித வில்லையை வைப்பார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். கொய்யாச் சாரம் தனியாக வைத்ததில் வட்டம் இல்லை. மனைவிக்கு ஊசியில் ஏற்றிய பழைய மருந்தைத் தனியாக வைத்ததிலும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்த தட்டில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. சின்ன நாணய அளவுக்கு, கண்ணாடிபோல.

மேடம் குழந்தைமாதிரித் துள்ளினார். பிறகு அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார்.

அன்று இரவு வீட்டில் அவர் சோற்றுத் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, சோத்துல முடி கிடக்கா?" என்றாள் மகள்.

"அம்மாவோட புண்ணுல இருந்து எடுத்தது எங்க கூடத்துல இருக்கும்மா."

"எது?"

"அந்தக் கிருமி."

"உயிரோடயா?"

"உயிரோடதான்."

மகள் கையை உதறினாள். "அது என்ன சாப்பிடுது?"

"நான் ஆக்கிப் போடுறதை."

"அம்மாவைத் தின்னதுக்கு நீங்க ஆக்கிப் போடுறீங்களா? உங்களுக்கு எப்படிப்பா கை வருது? கொளுத்திப் போட்டுட்டு வரவேண்டியதுதானே! கடையில ரெண்டு மாத்திரை மட்டும் குடு, காய்ச்சல் விட்டுடுச்சுன்னு வர்றவன்கூட நான் தினம் சண்டை போடுறேன், இப்படித்தான் கிருமி கொழுத்துப்போகுதுன்னு. நீங்க உக்கார்ந்து ஊட்டி விடுறீங்க!"

"அதை வெச்சு மருந்து தேடுறாங்கம்மா. இலையில இருந்து. இன்னைக்கு ஒண்ணு கொஞ்சம் கேட்டிருக்கு."

சமையற்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றது. பெரியம்மா ஈரக்கையோடு வாசல் நிலையில் வந்து நின்றாள். அடக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக நேராக அவரைப் பார்த்தே கேட்டாள்.

"எந்த இலை?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"கேக்குறேன்ல. எந்த இலை?"

"கொய்யா."

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தொட்டியில ஊத்துனீங்களே தம்பி."

"ஊத்துனேன்."

"அவ பார்த்துக்கிட்டே இருந்தா."

"ஆமாக்கா."

அதற்குப் பிறகு, பேசாமல் இருந்ததே தேவலை என்று ஆகிவிட்டது. காலையில் டீயை வைக்கும்போது, "ரெண்டு சொட்டுதான் கேட்டேன்" என்பாள். துணி உலர்த்தும்போது, தனக்குத்தானே சொல்வதுபோல, "எரியுது எரியுதுன்னு கத்தினா என் தங்கச்சி" என்பாள். கொய்யா மரத்தில் காற்று அடித்தால்கூட அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

கடைசியில் அவரே மேடத்திடம் போய்க் கேட்டார்.

"அம்மா, சாராயத்துல ஊறவெச்சது இல்லாம, அன்னைக்கு அவ அக்கா ஆஸ்பத்திரிக்கு அரைச்சுக் கொண்டுவந்து நான் தொட்டியில ஊத்துன பச்சைச் சாறு இருக்கே, அதையும் அந்த ஊசி மருந்தோட சேர்த்து வெச்சுப் பார்க்க முடியுமா?"

மேடம் அவரை உற்றுப் பார்த்தார். "பார்க்கலாம். ஆனா எதுக்குப் பார்க்கணும்? என்ன பதில் வந்தாலும் போனவங்க வரப்போறதில்ல."

"வீட்டுல நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கணும்மா."

பெரியம்மாவிடம் சொன்னபோது, "என் கையாலதான் அரைப்பேன். நீங்க தொடக் கூடாது" என்றாள். மறுநாள் அதே மூடி போட்ட டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாரல் தெறிக்காமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்தாள். கிருமி அறைக்குள் அவளை விடமுடியாது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டார்கள். மேடம் கையுறை மாட்டி, தட்டில் கிருமியைப் பரப்பி, வில்லையைச் சாற்றிலும் அந்தப் பழைய மருந்திலும் நனைத்து நடுவில் வைப்பதை இமை கொட்டாமல் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா. நாளைக்கு வாங்க."

அன்று வீட்டில் மூவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் மட்டும் ஒருமுறை, "வட்டம் வந்தா என்ன பண்ணுவீங்க பெரியம்மா?" என்று கேட்டாள். வட்டம் வந்தால் இந்த வீட்டில் யார் இருப்பது, யார் போவது என்பது அவர்கள் மூவருக்குமே தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் மேடம் மூடிய தட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உயர்த்திப் பிடித்தார். வில்லை பச்சைக்குள் மூழ்கிக் கிடந்தது. அதன் விளிம்பு வரை கிருமி முளைத்து நெருக்கியிருந்தது. வில்லைக்கு மேலேயும் ஏதோ வெள்ளையாகப் பூத்திருந்தது.

"கொஞ்சங்கூட இல்லையா?" என்றாள் பெரியம்மா.

"கொஞ்சங்கூட இல்லம்மா. அந்த வெள்ளை, இலையில ஏற்கெனவே இருந்த வேற கிருமி. பச்சையா போட்டிருந்தா அதுவும் சேர்ந்து புண்ணுக்குள்ள போயிருக்கும்."

"அப்போ அந்த வட்டம் விழுந்த தட்டு? அதைக் காட்டுங்க."

மேடம் காட்டினார். பெரியம்மா கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து பார்த்தாள்.

"இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா பிழைச்சிருப்பாளா?"

"தெரியாதும்மா. பொய் சொல்லமாட்டேன். தட்டுல ஆகுறது உடம்புல ஆகும்னு சொல்லமுடியாது. அந்தச் சாரம் உடம்புக்கே விஷமாக்கூட இருக்கலாம். இன்னும் எத்தனையோ வருஷம் பார்க்கணும். கடைசியில ஒண்ணுமில்லன்னும் போகலாம்."

வெளியே தாழ்வாரத்தில் மழை நிற்பதற்காக இருவரும் ஒதுங்கி நின்றார்கள். குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"தினம் உங்களைச் சபிச்சேன் தம்பி. சோறு வடிக்கும்போதுகூடச் சபிச்சேன்."

"தெரியும்க்கா."

"இனிமே யாரைச் சபிக்கிறது?"

அவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மருந்தை மாற்றியபோதும் வரவில்லை, மண் தள்ளியபோதும் வரவில்லை. "அவ மருந்துன்னு கேக்கலக்கா. குளிர்ச்சியா எதையாவது போடுங்கன்னுதான் கேட்டா. வெறும் தண்ணியிலயாவது ஒரு துணியை நனைச்சு நெத்தியில போட்டிருக்கலாம். டம்ளரைக் கவுத்துட்டு அந்தாண்ட போயிட்டேன். பயம். எனக்கு அந்த வாசனை முன்னாடியே தெரியும்க்கா. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். பயத்துல உங்க மேல பாய்ஞ்சேன்."

"நீங்க போடவிட்டிருந்தா, அவ போனதும் நான்தான் கொன்னேன்னு நீங்க சொல்லியிருப்பீங்க" என்றாள் பெரியம்மா.

அவர் யோசித்தார். "சொல்லியிருப்பேன்."

"ஆமா. சொல்லித்தான் இருப்பீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க. பஸ் வந்துடப்போகுது."

மகள் அன்று கடையில் சொல்லிக்கொண்டு சீக்கிரமே வந்திருந்தாள். இருவரும் ஒரே குடையில் வருவதை வாசலிலேயே பார்த்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று பெரியம்மா வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

"எல்லாம் பார்த்தாச்சுல்ல? இலைச்சாறும் கேக்கல. இனிமேலாவது அந்தச் சனியனைக் கொன்னுடச் சொல்லுங்கப்பா. நீங்க அதுக்கு ஆக்கிப் போடுறீங்கன்னு நினைச்சாலே எனக்குக் குமட்டுது."

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா சோற்றைக் கிளறி, மூன்று தட்டிலும் போட்டாள். அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"அதுபாட்டுக்கு இருக்கட்டும்டி" என்றாள். "அந்த அம்மா வருஷக்கணக்குல பார்க்கணும்னு சொன்னாங்க. பார்க்கட்டும்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "தம்பி, அதுக்கு நல்லா ஆக்கிப் போடுங்க. ஒரு குறை வைக்காதீங்க. பட்டினி கிடந்து செத்துச்சுன்னு ஆகிடக் கூடாது. தின்னு கொழுத்து, முழு பலத்தோட இருக்கும்போது மருந்துலதான் சாகணும்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு, பல மாதங்களுக்குப் பின், பசிக்கிறவன்போலச் சோற்றில் கை வைத்தார்.